வத்தல் வந்த வழியும் தேங்காய் போன வழியும்

வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் 1498ல் கோழிக்கோட்டுக்கு வருவதற்கு முன்னால் இராஜாக்கமங்கலம் துறையில் கொதித்த மீன்கறியில் மிளகாய் வத்தல் கிடையாது. உறைப்புக்கு நல்லமிளகு, புளிப்புக்கு மாங்காய் அல்லது புளி, கூடத் தேங்காய் அரைப்பு. இன்றைக்குக் காய்ச்சல் விட்டு எழுந்தவருக்கு வைத்துக் கொடுக்கிற மிளகுக்கறி போல மங்கலான ஒரு மஞ்சள் நிறத்தில் அது இருந்திருக்கும். சாளைக்கறி என்றதும் நமக்குக் கண்ணில் வருகிற சிவப்பு, மெக்சிகோ கொடுத்த சிவப்பு.

பக்கத்தில் ஆவி பறக்க இருக்கும் மரச்சீனிக்கிழங்கு பிரேசிலின் அமேசான் காட்டோரத்தைச் சேர்ந்தது. தொட்டுக்கொள்ள உள்ளியோடு நசுக்கி, தேங்காயெண்ணெய் விட்ட காந்தாரி மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துக்காரி. சாப்பிட்டு முடித்து அறுக்கிற பப்பாளிக்கும் சப்போட்டாவுக்கும் பூர்விகம் தெற்கு மெக்சிகோவும் அதையடுத்த நாடுகளும். புறம்போக்கில் காய்த்துக் கிடக்கிற கொல்லாமரமும் பிரேசில்தான். இந்தச் சாப்பாட்டில் பழைய ஆட்கள் மீனும் தேங்காயும் மஞ்சளும் புளியும் உள்ளியும் உப்பும்தான். ஆனால் சென்னையில் வேலை பார்க்கிற, வளைகுடாவில் கிடந்து உழைக்கிற எந்தக் குமரி மாவட்டத்துக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள், ஊர்ச் சாப்பாடு என்றால் அவர் வாயில் முதலில் வருவது கிழங்கும் மீனும்தான். வந்தேறிகளை வைத்து ஓர் ஊர் தன்னை அடையாளம் சொல்லிக்கொள்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மெக்சிகோவே அப்படித்தான்.

இராஜாக்கமங்கலம் நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, பஸ் ஏறினால் சட்டென்று வந்துவிடுகிற ஊர். தென்னந்தோப்பு, வயல், கயிறு திரிக்கிற கூடம், பன்னிவாய்க்கால் கடலோடு சேரும் பொழிமுகம், அதற்கப்பால் துறை. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையமும் இங்கேதான் இருக்கிறது. தோப்புக்காரனின் தேங்காயும் துறைக்காரனின் மீனும் ஒரே சட்டியில் சந்திக்க இங்கே அதிக தூரம் போகவேண்டியதில்லை. இந்தக் கரை நெடுகப் புனித பிரான்சிஸ் சவேரியார் 1544ல் நடந்து ஞானஸ்நானம் கொடுத்தார். போர்ச்சுகீசியக் கப்பல் இந்தக் கரைக்குத் தெரிந்த கப்பலாக இருந்த காலம் அது. வேதம் வந்த அதே நூற்றாண்டில், அதே கடல்வழியில்தான் வத்தலும் வந்தது. வேதத்துக்கு ஒரு தரப்பு எதிர்ப்பாவது இருந்தது. வத்தலை யாரும் எதிர்க்கவில்லை. நல்லமிளகு கிழக்கத்தி மலைக்காரன் கையிலும் வியாபாரி கையிலும் அரசன் கையிலும் இருந்த விலைகூடிய சரக்கு. மிளகாய் கொல்லைப்புறத்தில் முளைக்கும், பறவை எச்சத்தில்கூட முளைக்கும். ஏழை அடுப்பில் அது முதலில் ஏறியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வத்தல் ஏறியது மட்டும் கதை இல்லை, அதை இங்கே என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். தீயல் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். தேங்காய்த் துருவலை இரும்புச் சட்டியில் எண்ணெய் விடாமல் போட்டு, சிறுதீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஈரம் போகும், பிறகு வெளுத்த பொன்னிறம், பிறகு செம்மை. பாதி வழியில் கொத்தமல்லி, வத்தல், கொஞ்சம் நல்லமிளகு, கறிவேப்பிலை. காப்பிப்பொடி நிறம் வரும்போது ஒரு வாசனை எழும்பும்; அதற்குப்பின் அரை நிமிடம் கைவிட்டால் கருகிக் கசந்துவிடும். இறக்கி ஆறவைத்து அம்மியில் தண்ணீர் தொடாமல் அரைத்தால் தேங்காய் தன் எண்ணெயைத் தானே கக்கி, அரைப்பு மினுமினுக்கும். புளிக்கரைசலில் உள்ளியோ பாகற்காயோ வெந்திருக்க, இந்த அரைப்பைக் கரைத்து விட்டு ஒரே கொதி. துறைப்பக்கம் உள்ளிக்குப் பதில் றால் விழும், கருவாடு விழும். கறுத்த குழம்பு; முதல் நாளைவிட மறுநாள் ருசி.

மெக்சிகோவின் புவேப்லா நகரத்து மோலே இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. ஆஞ்சோ, முலாட்டோ, பாசில்லா என்று பெயர் சொல்லும் காய்ந்த மிளகாய்களைத் தோசைக்கல் மாதிரியான கோமாலில் வாட்டி, ஊறவைத்து, எள், பாதாம், கிராம்பு, பட்டை, கொஞ்சம் சாக்லேட் சேர்த்து மெத்தாத்தே என்கிற கல்லில் அரைத்து, மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். அந்தக் கல் நம் அம்மிதான். மூன்று கால் இருக்கும், அரைக்கிறவள் முழங்காலிட்டு அரைப்பாள், வித்தியாசம் அவ்வளவே. அங்கேயும் நிறம் கறுப்பு, அங்கேயும் பதம் ஒரு நொடியில் தவறும். சாந்தா ரோசா மடத்துக் கன்னியாஸ்திரி ஒருவர் பிஷப்புக்கு விருந்து வைக்க அவசரத்தில் கண்டுபிடித்தார் என்று ஒரு கதையும் உண்டு. நான் அந்தக் கதையை நம்பவில்லை. முழங்காலிட்டு அரைத்த பழங்குடிப் பெண்களின் வேலைக்கு மடம் பெயர் வாங்கிக்கொண்டது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த மோலேயில் இருக்கிற பட்டையும் கிராம்பும் எள்ளும் ஆசியாக் கரையிலிருந்து போனவை. ‘தேசிய உணவு’ என்று மெக்சிகோக்காரர் மார்தட்டுகிற பண்டத்தில் பாதிச் சரக்கு கிழக்கே இருந்து வந்தது. நம் தீயலில் காரம் மேற்கே இருந்து வந்தது. கணக்கு நேர்.

கடல் ஒருவழிப் பாதை அல்லவே. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்சின் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகாபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் போய்வந்தன. போன கப்பலில் பட்டும் பீங்கானும் மட்டும் போகவில்லை. தேங்காய் போனது, புளி போனது, மாங்காய் போனது. இன்றும் மெக்சிகோவில் விரும்பித் தின்கிற ஒரு மாம்பழத்துக்கு மணிலா என்றே பெயர். புளியை மிளகாய்ப்பொடியும் சர்க்கரையும் சேர்த்து மிட்டாயாக உருட்டிப் பள்ளிக்கூட வாசலில் விற்கிறார்கள். நம்மூர்ப் பெட்டிக்கடைப் புளிமிட்டாய்க்கு அது தூரத்துச் சொந்தம்.

எனக்கு இதில் மிகப் பிடித்தது கொலிமாவின் கதை. பசிபிக் கரையில் இருக்கும் சின்ன மாநிலம் அது. கப்பலில் வந்த பிலிப்பைன்ஸ் மாலுமிகள் அங்கே தங்கி, தென்னை ஏறிப் பாளை சீவக் கற்றுக்கொடுத்தார்கள். இறக்கியதை அங்கே தூபா என்கிறார்கள். சுரைக்குடுக்கையைத் தோளில் தொங்கவிட்டபடி, வறுத்த நிலக்கடலை தூவி, இன்றும் கொலிமாத் தெருக்களில் விற்கிறார்கள். யாரும் பிடித்துப் போவதில்லை. தென்னையும் பனையும் நிறைந்த மண்ணில், தமிழ்நாட்டில், 1987லிருந்து கள் இறக்கக் கூடாது. இதைப்பற்றி இராஜாக்கமங்கலத்துத் தோப்புக்காரர்கள் சொல்வதை இங்கே அச்சில் போட முடியாது.

பூவும் இதே வழியில் வந்தது. தோவாளைச் சந்தையில் கூடை கூடையாகக் குவிகிற மஞ்சள் கேந்தி மெக்சிகோவின் செம்பாசூசில். நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோக்காரர்கள் இறந்தவர்களுக்காக அந்தப் பூவைக் கொட்டி வழி போட்டு, மோலேயும் தமாலும் படைத்து, செத்தவர் வந்து சாப்பிட்டுப் போவதாகக் கொண்டாடுகிறார்கள். குமரிக் கடற்கரையில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். கல்லறையைக் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, அதே மஞ்சள் பூவை வைக்கிறார்கள். சாப்பாடு மட்டும் வைப்பதில்லை. உள்நாட்டில் ஆடி அமாவாசைக்குப் பலி போடுகிற வீடுகளில் சாப்பாடும் உண்டு. மெக்சிகோக்காரர் ஒருவர் இரண்டையும் பார்த்தால், தன் பண்டிகையை இரண்டாகப் பிய்த்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் நினைப்பார்.

கிழங்குக்கு வருவோம். மரச்சீனியைப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள் என்றாலும், அதை வயலுக்கும் வயிற்றுக்கும் கொண்டுவந்த பெருமை திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாளுடையது. 1880 முதல் 1885 வரை ஆண்ட அவர் தாவர ஆராய்ச்சியில் பிரியமுள்ளவர். வெளிநாட்டு ரகங்களை வரவழைத்துப் பயிரிட ஊக்குவித்தார். விஷக்கிழங்கு என்று ஜனங்கள் பயந்தபோது சமைக்கிற முறையையும் அரசாங்கமே சொல்லிக்கொடுத்தது என்பார்கள். பயந்ததில் தப்பில்லை. மரச்சீனியில் சயனைடு தரும் சத்து ஒன்று இருக்கிறது. தோலிலும் இலையிலும் கூடுதல். இலையைத் தின்று ஆடு செத்த கதை குமரியில் ஊருக்கு ஒன்றாவது உண்டு. அதனால்தான் இங்கே கிழங்கைக் கிழங்காக வேகவைத்து எடுத்துவிடுவதில்லை. மேலே உள்ள தவிட்டுத்தோலைச் சுரண்டி, அடியில் இருக்கிற தடித்த தோலைக் கத்தியால் கீறித் துணிபோல உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, பிறகுதான் உப்பு. சந்தையில் கிழங்கு வாங்குகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் கேட்கிற கேள்வி “வேகுமா?” என்பது. வேகாத கிழங்கு வீட்டுக்கு வந்தால் வாங்கி வந்தவர் அன்றைக்கு வாயைத் திறக்க முடியாது.

சோளத்துக்கு மெக்சிகோவில் இதே போன்ற ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோலைக் கழுவிவிட்டு அரைப்பார்கள். அந்த மாவில்தான் தோர்த்தியா ரொட்டி. சுண்ணாம்பு சேரும்போதுதான் சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்து உடம்பில் சேரும். ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். பலன், சோளக்கூழை நம்பி வாழ்ந்த வட இத்தாலிய ஏழைகளைப் பெல்லாக்ரா நோய் தலைமுறை தலைமுறையாகத் தின்றது. விதையைக் கடத்துவது சுலபம். அரைத்தவளையும் அவித்தவளையும் கேட்டுக்கொண்டு போவது யாருக்குத் தோன்றியது?

இரண்டாம் உலகப்போரில் 1942ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும், பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் ஆடிப்போனது. அன்று திருவிதாங்கூரில் இருந்த குமரியின் நாஞ்சில் நாடு அந்தச் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம். அந்தக் களஞ்சியத்தின் ஓரத்திலேயே மீன்பிடிக்கிறவரும் கூலிக்காரரும் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிடித்தார்கள். உயிர் காத்த பண்டத்துக்கு நன்றி சொல்லும் வழக்கம் நமக்கு இல்லை. பஞ்சம் தீர்ந்ததும் அது பஞ்சத்துச் சாப்பாடு ஆனது. விருந்தாளி வரும்போது கிழங்குச் சட்டியை மூடி வைத்த வீடுகள் உண்டு. சோறு ஆக்க வழியில்லை என்று நினைத்துவிடுவார்களாம்.

மெக்சிகோவின் மேட்டுக்குடியும் சோளத்தை இப்படித்தான் பார்த்தது. பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்ற அறிஞர் 1899ல் ஒரு புத்தகம் போட்டு, மனித குலத்தையே கோதுமைக்காரர், அரிசிக்காரர், சோளக்காரர் என்று பிரித்து, கோதுமைக்காரனே உயர்ந்தவன் என்றும் பழங்குடிகள் முன்னேறாததற்குச் சோளமே காரணம் என்றும் எழுதினார். அரிசிக்காரர்களான நமக்கும் அதில் நல்ல பெயர் இல்லை. நிலத்தைப் பிடுங்கிக்கொண்டதைச் சொல்லாமல் தட்டைக் குற்றம் சொன்ன வாதம் அது. மெக்சிகப் புரட்சிக்குப் பிறகு காற்று மாறியது. 1940களில் ஹோசெஃபினா வெலாஸ்கெஸ் டெ லெயோன் என்ற பெண்மணி ஊர் ஊராகப் போய் வட்டாரச் சமையலைத் திரட்டிப் புத்தகம் புத்தகமாகப் போட்டார். 2007ல் தோர்த்தியா விலை ஏறியபோது, சோளம் இல்லையென்றால் நாடே இல்லை என்ற முழக்கத்தோடு ஓர் இயக்கமே கிளம்பியது. புல்னெஸ் காரணம் காட்டிய அதே சோளம்.

நம் பக்கம் அந்தக் காற்று பாதிதான் மாறியிருக்கிறது. கிழங்குக்கு இன்று மவுசு வந்துவிட்டது. அந்தக் கறிக்கு மீன் கொண்டுவருகிறவளுக்கு வரவில்லை. 2021 டிசம்பரில் குளச்சலில் மீன் விற்றுவிட்டு வீடு திரும்ப ஏறிய மூதாட்டியை, நாற்றம் என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சரே கண்டித்தார், ஊழியர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். செய்தி ஒரு வாரம் ஓடியது. மீன்கறி வாசனை வாயில் எச்சில் ஊறவைக்கும், மீன்கூடை வாசனை மட்டும் ஆகாது.

இன்னொரு சிக்கல் குமரிக்கு மட்டும் உரியது. 1954 ஆகஸ்ட் 11ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி மார்ஷல் நேசமணியும் மற்றவர்களும் நடத்திய போராட்டத்தின் முடிவில், 1956 நவம்பர் 1ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. மொழிக்காக நடந்த சண்டை, நியாயமான சண்டை. ஆனால் தாலுகா மாறியதே தவிர அடுப்பு மாறவில்லை. தேங்காயெண்ணெயும் புட்டும் சம்பா அரிசிச் சோறும் அவியலும் எரிசேரியும் துவரனும் இருந்த இடத்திலேயே இருந்தன. இன்று குமரிக்காரர் மதுரைக்கு வடக்கே தன் சாப்பாட்டை விவரித்தால் ‘ஓ, கேரளா சாப்பாடா’ என்பார்கள். திருவனந்தபுரத்தில் விவரித்தால் பாண்டிக்காரன் என்பார்கள். தமிழ்நாட்டு உணவு என்று ஹோட்டல் பலகைகள் சொல்லும்போது செட்டிநாடும் கொங்கும் வரும். குமரி வருவது அபூர்வம்.

இதற்கு மெக்சிகோவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. டெக்சாஸ் 1836ல் மெக்சிகோவிலிருந்து பிரிந்தது, 1845ல் அமெரிக்காவோடு சேர்ந்தது. 1848 ஒப்பந்தத்தில் மெக்சிகோ தன் நிலத்தில் ஏறக்குறையப் பாதியை இழந்தது. ஆட்கள் நகரவில்லை, கோடு நகர்ந்தது. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரச் சதுக்கத்தில் அந்தி சாய்ந்ததும் மெக்சிகப் பெண்கள் விளக்கு ஏற்றி, மேஜை போட்டு, மிளகாயும் இறைச்சியும் போட்டு வைத்த காரக்குழம்பை விற்றார்கள். ‘சில்லி ராணிகள்’ என்று பத்திரிகைகள் கொண்டாடின. 1893ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிவரை அந்தக் குழம்பின் பெயர் போனது. பணம் எங்கே போனது? கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி மிளகாய்ப்பொடியைப் புட்டியில் அடைத்து 1890களில் கம்பெனி தொடங்கினார். சமைத்த பெண்களை 1930களின் இறுதியில் சுகாதார விதி காட்டி நகராட்சி சதுக்கத்தை விட்டு ஒதுக்கிவிட்டது.

அதோடும் விடவில்லை. 1972ல் மெக்சிகச் சமையலைப் பற்றிப் புகழ்பெற்ற நூல் எழுதிய டயானா கென்னடி என்ற ஆங்கிலேயப் பெண்மணி, டெக்சாஸ் பக்கத்துச் சமையலை உண்மையான மெக்சிகச் சமையலோடு சேர்க்கவே கூடாது என்று பிடிவாதமாக நின்றார். மெக்சிகோவின் மூலை முடுக்கெல்லாம் அலைந்து எழுதியவர், உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் எல்லைக்கோட்டில் வாழ்கிறவனைப் பார்த்து நீ அசல் இல்லை என்று சொல்ல நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்போதும் சுலபம். சான் அன்டோனியோக் கிழவிக்கு அது தன் பாட்டியின் குழம்பு. குமரிக்காரருக்கும் புட்டும் கிழங்கும் கேரளாவிலிருந்து வாங்கிவந்த பண்டமல்ல. அந்தக் கோடு போடும் முன்பே இந்த அடுப்பில் இருந்தவை.

எல்லைக்கு உள்ளேயும் ஒரு கோடு இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நாஞ்சில் நாட்டுச் சாப்பாடு என்று இதுவரை எழுத்தில் ஏறியதில் பெரும்பங்கு கல்யாணப் பந்தி: பருப்பும் நெய்யும், அவியல், எரிசேரி, இஞ்சிக்கறி, ரசவடை, போளி பிசைந்த பாயசம். நாஞ்சில் நாடன் போன்ற எழுத்தாளர்கள் ருசித்து எழுதியதால் அந்தப் பந்திக்கு வெளியூரிலும் வாசகர்கள் உண்டு. மட்டிப்பழத்துக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்லது. ஆனால் நெத்தோலியை மாங்காயும் தேங்காயும் போட்டு வைக்கிற மீன் அவியல், பந்தியில் வருகிற காய்கறி அவியலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. அதற்கு அந்த அளவு எழுத்து இல்லை. மெக்சிகோவில் கன்னியாஸ்திரியின் பெயர் நின்று, அரைத்தவளின் பெயர் நிற்காமல் போனது போலத்தான்.

யுனெஸ்கோ 2010ல் மெக்சிகோவின் மரபுச் சமையலைப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிரான்சின் விருந்தும் அதே ஆண்டுதான் சேர்ந்தது. பிரான்சுக்காரர் காட்டியது பரிமாறும் முறையை. மெக்சிகோ தன் மனுவில் முன்னிறுத்தியது மிச்சோவகான் மாநிலத்தை: அங்கே சோளமும் அவரையும் மிளகாயும் சேர்ந்து வளரும் நிலம், சுண்ணாம்பில் சோளம் வேகவைக்கும் முறை, அதைச் செய்கிற கிராமத்துச் சமையல்காரப் பெண்கள். நட்சத்திர ஹோட்டல் சமையல்காரரை அவர்கள் முன்னால் நிறுத்தவில்லை.

நம் பக்கமும் யாராவது அப்படி ஒரு கோப்பு எழுத உட்கார்ந்தால், கல்யாண மண்டபத்தில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. விடியற்காலை துறையில் ஏலம் முடிந்து, கூடையைத் தலையில் ஏற்றுகிற பெண்களிடம் தொடங்கலாம். எந்த மீனுக்கு மாங்காய், எதற்குப் புளி, எதற்குத் தேங்காய் ஆகாது, எந்தக் கிழங்குக்கு இரண்டு தண்ணீர் வடிக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பஸ்ஸில் இடம் கொடுத்தால் போதும், இறங்குகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வருவார்கள்.